கை சுத்தமா என்று கேட்டது

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

நானும் உங்கள் அக்காவும் நலம். இன்று காலையிலிருந்துதான் நலம். அதற்கு முன் நான்கு நாள் அப்படிச் சொல்ல முடியாது.

துணியின் ஓரம் பிரியாமல் அடிக்க வேண்டிய அவளுடைய ஓவர்லாக் மிஷின் துணியையே தின்ன ஆரம்பித்ததும், பள்ளிக்கூடச் சீருடை நூற்றிருபதும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எங்களைத் தரைக்கு அனுப்பியதும் நீங்கள் அறிந்ததே. வியாழக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் ஆர்டர் எதிர்க்கடைக்குப் போய்விடும். பழைய மிஷின்களைப் பழுது பார்த்து இணையத்தில் விற்கும் ஒருவரைப் பிடித்தேன். "விசாரிக்காம ஆர்டர் போட்டுடாதீங்க மச்சான்" என்று நீங்கள் சொன்னதால், முன்பு வாங்கியவர்களின் எண்களைக் கேட்டேன். உடனே இரண்டு அனுப்பினார். உடனே அனுப்பியதே எனக்குச் சந்தேகம்.

முதலில் திரைச்சீலை தைக்கும் ஓர் அம்மாவை அழைத்தேன். எடுத்த எடுப்பில் திருடனா என்று கேட்பது மரியாதையில்லை அல்லவா? நாசூக்காக, "ஆளு கை சுத்தமா?" என்றேன். "கையா? சுத்தமே கிடையாதுங்க! வீட்டையே நாசம் பண்ணிட்டுப் போனார்!" அனுதாபம் சொல்லி வைத்துவிட்டேன். அடுத்தவர் தலையணை உறைக்காரர். அதே கேள்வி. "இந்தத் தொழில்ல கை எப்படிங்க சுத்தமா இருக்கும்? ரெண்டு தடவை சோப்புக் கொடுத்தோம், போகலையே!" "எது போகலை?" "கிரீஸுங்க!" அடித்தேன் மறுபடியும் அந்த அம்மாவுக்கு. "நாணயத்தையா கேட்டீங்க? அதை முதல்லயே சொல்லக் கூடாதா! ஒரு திருகு குறையுதுன்னேன், மனுஷன் ரெண்டு பஸ் மாறி வந்து மாட்டிக் கொடுத்துட்டு, காசு வேணாம்னுட்டார். அந்தக் கையை என் திரைச்சீலையில துடைச்சதுதான் குத்தம்." போன உயிர் திரும்பி வந்தது மாப்பிள்ளை! கை அழுக்காக இருப்பவனே கை சுத்தமானவன் என்று உங்கள் அக்காவிடம் அறிவித்தேன். "அப்ப உங்க கை மட்டும் ஏன் எப்பவும் பளிச்சுன்னு இருக்கு?" என்றாள்.

உடனே ஆர்டர் போட்டேன். பொருளை ஒப்படைத்தாயிற்று என்று இன்று காலை செய்தியும் வந்துவிட்டது. சொன்ன நாள் தவறவில்லை! வாசலில் இன்னும் காணோம். கீழே காவலாளியிடம் இருக்கும், போய் எடுத்து வர வேண்டும்.

நீங்களும் தங்கச்சியும் குழந்தைகளும் குறைவில்லாமல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
விசாரித்து வென்ற உங்கள் மச்சான்

பின்குறிப்பு: காவலாளியிடம் இல்லை. போன வருஷம் தங்கச்சிக்குக் குக்கர் அனுப்பியபோது பதிந்த உங்கள் விலாசமே ஆர்டரில் இருந்திருக்கிறது. ஊரார் கையையெல்லாம் விசாரித்தவன், என் கை எதை அழுத்தியது என்று பார்க்கவில்லை. உங்கள் வாசலில் பெரிய பெட்டி ஒன்று இருக்கும். போனில் சொன்னால் உங்கள் அக்கா காதில் விழும் என்பதால், இந்த மின்னஞ்சலையே தந்தியாகப் பாவித்து இன்றே மிஷினை வண்டியேற்றவும். தூக்கும்போது கையில் கிரீஸ் படும். தயவுசெய்து தங்கச்சியின் திரைச்சீலையில் துடைக்க வேண்டாம்.