நாற்பத்திரண்டாவது தீவு

"நாற்பத்தொண்ணுதான் வருது," என்றார் கால்புள்ளி, மூன்றாவது முறையாக எண்ணி முடித்துவிட்டு.

அவர் எண்ணிக்கொண்டிருந்தது தீவுகளை. புள்ளிவிவரத் துறையின் இரண்டாவது மாடியில், ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எண்ணினார். எதிரே, சரிபார்ப்பதற்காக அச்சகத்திலிருந்து வந்த ஒற்றைத் தாள் விரிந்து கிடந்தது. 'நம் நாடு: ஒரே பார்வையில்' என்பது தலைப்பு. முன்பக்கம் புவியியலும் பொருளாதாரமும், பின்பக்கம் கட்டமைப்பும் பாதுகாப்பும். நான்காக மடித்தால் சட்டைப் பைக்குள் போய்விடும். இத்தனை கோடிப் பேர் முட்டி மோதி வாழ்கிற நாட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வதில் அமைச்சருக்கு அப்படி ஓர் ஆசை.

தாளில் 'தீவுகள்: 42' என்று இருந்தது. நில அளவைத் துறை அனுப்பிய பட்டியலிலோ நாற்பத்தொன்றுக்கு மேல் ஒரு வரி கிடையாது.

வேறு யாராவது என்றால், இருந்துவிட்டுப் போகட்டும் என்று டீ குடிக்கக் கிளம்பியிருப்பார்கள். இவர் அந்த ரகம் இல்லை. ஒரு கால்புள்ளி இடம் மாறியிருந்தது என்பதற்காக அமைச்சரின் ஃபைலையே திருப்பி அனுப்பியவர். அந்தக் காரியத்தால் அவருக்குக் கிடைத்தவை இரண்டு. ஒன்று, இந்தப் பெயர். இன்னொன்று, பதினோரு வருட மாற்றல். மூட்டை முடிச்சோடு ஊர் ஊராக அலைந்துவிட்டுத் தலைநகருக்குத் திரும்பி ஆறு மாதம்தான் ஆகிறது.

மனைவி மருத்துவமனையில் நர்ஸ். ஒரே மகளுக்கு இது பள்ளியில் கடைசி வருடம். "எங்க வீட்டு விருந்தாளி" என்று அவள் சிநேகிதிகளிடம் அவரைக் காட்டிச் சொல்லிச் சிரித்தது அவர் காதில் விழுந்திருந்தது. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவருக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை. பரீட்சை முடிகிற வரைக்கும் ஊரைவிட்டு எங்கும் போக மாட்டேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

இயக்குநர் காலையிலேயே எச்சரித்திருந்தார்.

"நாலு மணிக்குத் தாள் அச்சகத்துக்குப் போகணும். அஞ்சு மணிக்கு மாற்றல் பட்டியல்ல கையெழுத்துப் போடறேன். முதல் வேலை நடக்கலைன்னா ரெண்டாவதுல ஒரு பேர் கூடும். புரியுதா?"

புரிந்தது. மிரட்டுவதற்குக்கூட மணி குறித்து வைத்திருக்கிற மனிதர்.

கால்புள்ளி நில அளவைத் துறைக்குப் போன் போட்டார். எடுத்தவர் அங்கே முப்பது வருடமாகப் படம் வரைகிறவர்.

"சார், தீவு நாற்பத்தொண்ணா, நாற்பத்திரெண்டா?"

"நாற்பத்தொண்ணு. என்னிக்கும் நாற்பத்தொண்ணுதான்."

"அப்போ இந்த நாற்பத்திரெண்டாவது எங்கிருந்து முளைச்சுது?"

"அதுவா? பழைய படத்துல ஒம்பதாவது தாள்ல யாரோ பேனாவை உதறியிருக்காங்க. ஒரு சொட்டு மை. அதையும் தீவுன்னு எண்ணிட்டாங்க. நாங்க நாலு தடவை கடிதம் எழுதினோம்."

"பதில் வந்துதா?"

"வந்துதே. தீவோட பரப்பளவு என்னன்னு கேட்டிருந்தாங்க."

கால்புள்ளிக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை பற்றிக்கொண்டு வந்தது. மை உதறின இடமெல்லாம் நாடா? அந்தக் கோபத்தோடு சிவப்புப் பேனாவை எடுத்து 42-ஐ அடித்து 41 என்று எழுதினார். பின்பக்கத்தில் 'காவல் சாவடி உள்ள தீவுகள்: 42' என்று இருந்ததையும் 41 ஆக்கினார். முறைப்படி பாதுகாப்புத் துறைக்கும் ஒரு வரி தகவல் அனுப்பினார். வம்பை விலை கொடுத்து வாங்குவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவருக்கு இலவசமாகவே வந்தது.

இருபதாவது நிமிடம் மாடிப்படியில் பூட்ஸ் சத்தம். சீருடை போட்ட அதிகாரி ஒருவர் நேராக வந்து மேஜை முன்னால் நின்றார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"யார் பிடிச்சாங்க?"

"எதைங்க?"

"தீவை. நேத்து நாற்பத்திரெண்டு. இன்னிக்கு நாற்பத்தொண்ணு. அப்போ ஒண்ணைப் பறிகொடுத்திருக்கோம். எந்த நாட்டுக்காரன் பிடிச்சான்? உங்களுக்கு எப்படி எங்களுக்கு முன்னாடி தெரிஞ்சது?"

"யாரும் பிடிக்கலைங்க. அது தீவே இல்லை. மைச் சொட்டு."

"எங்க ஆளுங்க ஆறு பேர் அங்க காவல் நிக்கறாங்க."

"எதுமேல நிக்கறாங்க?"

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அது பாதுகாப்பு ரகசியம்," என்றார். "நாட்டைக் குறைச்சு எழுதறது என்ன குற்றம்னு தெரியுமா? பேனா உங்க கையிலதான் இருக்கு. நான் பார்த்துட்டு இருக்கும்போதே திருத்துங்க."

கால்புள்ளி பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு இடத்திலும் 42 என்று எழுதினார். பூட்ஸ் சத்தம் இறங்கிப் போனது. மணி பன்னிரண்டு.

தீவு திரும்பி வந்துவிட்டதால் அதற்குப் பட்டியலில் ஒரு வரி வேண்டும். வரி என்றால் பரப்பளவு வேண்டும். மனசாட்சிக்குப் பயந்து 'ஒரு சதுர கிலோமீட்டர்' என்று போட்டார். மொத்தப் பரப்பளவோடு ஒன்றைக் கூட்டினார். கூட்டும்போது, இருபது வருட உத்தியோகத்தில் முதல் தடவையாக, கை கூசியது.

அரை மணியில் சாலைத் துறைப் பொறியாளர் போனில் வந்தார். குரலில் தேன் ஒழுகியது.

"சார், ஒரு சதுர கிலோமீட்டர்னு போட்டிருக்கீங்களாமே. அங்க நாங்க பதினோரு கிலோமீட்டர் சாலை போட்டிருக்கோம்."

"ஒரு சதுர கிலோமீட்டர்ல பதினோரு கிலோமீட்டர் சாலையா?"

"அதைத்தான் சார் நானும் சொல்றேன். பார்க்கறவங்க தப்பா நினைப்பாங்க. தீவைக் கொஞ்சம் பெரிசு பண்ணுங்க. அங்க ஒரு பாலமும் இருக்கு."

"எதை எதோட சேர்க்கிற பாலம்?"

"இந்தப் பக்கம் முடிஞ்சிருச்சு. அந்தப் பக்கம் அடுத்த திட்டத்துல வரும்."

கால்புள்ளி ரிசீவரை வைத்த வேகத்தில் மேஜைக் கண்ணாடி அதிர்ந்தது. எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே தெருவில் இரண்டு வருடமாகத் தோண்டிப் போட்ட பள்ளம் அப்படியே கிடந்தது. அதன்மேல் யாரோ புண்ணியவான் போட்டிருந்த ஒற்றைப் பலகையில், ஒரு கையில் செருப்பும் மறு கையில் பையுமாக, ஜனங்கள் வரிசையில் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். பாலம் இங்கே வேண்டும் என்று அந்தப் பொறியாளருக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றாது. இங்கே பாலம் கட்டினால் உண்மையிலேயே கட்ட வேண்டியிருக்கும்.

தீவை ஒன்பது சதுர கிலோமீட்டர் ஆக்கினார்.

அடுத்து வந்தவர் பொருளாதாரப் பிரிவு அம்மா. லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு வந்தார். திரை முழுக்கச் சிவப்பு.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க? ஒம்பது சதுர கிலோமீட்டர் இருக்கு, சாலை இருக்கு, பாலம் இருக்கு. ஆளைக் காணோம். பூஜ்யத்தால வகுக்கச் சொன்னா இது எப்படிங்க வகுக்கும்? மொத்த நாட்டுக்கும் தனிநபர் வருமானமே வர மாட்டேங்குது!"

"நான் என்னம்மா பண்ணட்டும்? ஆள் இல்லாத இடத்துல ஆளுக்கு எங்க போறது?"

"ஒரு முந்நூறு போடுங்க. மூணு மணியாச்சு."

அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன்.

"ஆறு மணிக்கு எனக்கு டூட்டி," என்றாள் மனைவி. "அதுக்குள்ள வந்துடுவீங்கல்ல? நாளைக்கு அவளுக்குக் கணக்கு டெஸ்ட். அப்பா சொல்லித் தந்தாத்தான் புரியுதுங்கறா."

"வந்துடறேன். முந்நூறு பேரைக் குடியேத்திட்டு இருக்கேன்."

"எங்க?"

"கடல்ல."

"மத்தியானம் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அவர் போனை வைத்துவிட்டார்.

பொருளாதார அம்மா விடவில்லை. "முந்நூறு பேருக்கும் என்ன தொழில்?"

"நீச்சல்!" என்று கத்தினார் கால்புள்ளி. "தண்ணிக்குள்ள கிடக்கறவன் வேற என்னம்மா செய்வான்? நீச்சல் அடிப்பான்!"

அந்த அம்மா கொஞ்சமும் அசராமல் 'சுற்றுலா' என்று தட்டினார்.

சிவப்பெல்லாம் பச்சையானது. கணக்கு வகுத்தது. வகுத்து முடித்தபோதுதான் வினை வந்தது. முந்நூறு பேருக்குப் பதினோரு கிலோமீட்டர் சாலை, ஒரு பாலம், ஆறு காவலர்! தலைக்கு இத்தனை சாலை, தலைக்கு இத்தனை பாதுகாப்பு என்று எந்தக் கட்டத்தில் பார்த்தாலும் அந்தத் தீவே நாட்டில் முதலிடம். படிக்காதவர்கள் கட்டம் காலியாக இருந்ததால் எழுத்தறிவு நூற்றுக்கு நூறு. புகார் கொடுக்க ஆள் இல்லாததால் குற்றம் பூஜ்யம். 'நாட்டின் முன்மாதிரி' என்று கணினி தானாகவே ஒரு கட்டம் கட்டி, அதைத் தாளின் உச்சியில் கொண்டுபோய் உட்கார வைத்தது.

"அழிங்க, அழிங்க!" என்று அலறினார் கால்புள்ளி.

"இயக்குநருக்கு அனுப்பிட்டேனே," என்றார் அந்த அம்மா. "அவர் அமைச்சருக்கு அனுப்பிட்டார். அங்க ஒரே சந்தோஷமாம்."

மணி நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது இயக்குநர் அறையிலிருந்து அழைப்பு வந்தது. கால்புள்ளி கதவைத் தட்டாமல் உள்ளே போனார். வாழ்க்கையில் முதல் தடவை.

இயக்குநர் முகமெல்லாம் பல்லாக இருந்தார். "பிரமாதம்! அமைச்சர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். இவ்வளவு முன்னேறின இடத்துல புள்ளிவிவர அதிகாரி ஒருத்தர்கூட இல்லையேன்னு."

"சார், அது மைச் சொட்டு."

"உட்காருங்க."

"உட்கார மாட்டேன். அது மைச் சொட்டு சார்! அந்தச் சொட்டுக்குச் சாலை இருக்கு, பாலம் இருக்கு, காவல் இருக்கு. நான் ஆபீசுக்கு வர்ற தெருவுல பலகை மேல நடந்து வர்றேன். என் பொண்ணு ஸ்கூல்ல ஒரு வருஷமா கணக்கு டீச்சர் கிடையாது. கேட்டா ஆள் இல்லைங்கறாங்க. நேத்து என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில ஒரே கட்டில்ல ரெண்டு பேரைப் படுக்க வச்சிருக்கா. அந்த ரெண்டு பேர் நம்ம தாள்ல எங்க சார் இருக்காங்க? இருக்கறவனுக்கு ஒண்ணும் கிடையாது, இல்லாதவனுக்கு எல்லாம் உண்டுன்னு ஒரு நாடு! அதை ஒரே பார்வையில பார்க்கணுமா? வெட்கமா இல்லையா சார் நமக்கு?"

சொல்லி முடித்தபோது அவருக்கு மனம் லேசாக இருந்தது. பதினோரு வருடம் ஊர் ஊராகச் சுமந்து திரிந்ததை இறக்கி வைத்தாயிற்று. திட்டட்டும், என்ன வேண்டுமானாலும் செய்யட்டும்.

இயக்குநர் திட்டவில்லை. பேனா மூடியைத் திறந்தார். மாற்றல் பட்டியலை எடுத்து, கடைசியில் ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டார். அஞ்சு மணிக்குப் போட வேண்டிய கையெழுத்து.

"நாற்பத்திரண்டாவது தீவு. புள்ளிவிவர அதிகாரி. நாளையிலேர்ந்து," என்றார். "பொண்ணுக்குப் பரீட்சை வருஷம்னு முன்னாடியே சொன்னீங்களே, அதையும் யோசிச்சுத்தான் போட்டேன். இப்போ கோபமா இருக்கீங்க. போங்க, போய்த் தண்ணி குடிங்க."

பரீட்சை வருடத்தில் ஒரு தகப்பனைக் கடலுக்குள் தள்ளிவிட்டு, யோசித்துத்தான் தள்ளினேன் என்கிறானே, இவனெல்லாம் மனுஷனா? கால்புள்ளி வெளியே வந்தார்.

தபால் பிரிவு அக்கா மாற்றல் உத்தரவை உறையில் போட்டு, பசை தடவி ஒட்டி, பதிவேட்டோடு கொண்டுவந்து நீட்டியபோது, அவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று கழன்றிருந்தது. அழுகையா ஆத்திரமா என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டும்தான்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க சார்."

"போடறேன்க்கா. எங்க வேணும்னாலும் போடறேன்." உறையை மடியில் போட்டுக்கொண்டார். "பொண்ணு தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன்க்கா. எங்கயும் போக மாட்டேன்னு. இப்போ வீட்டுக்குப் போய் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவ முன்னாடி நிப்பேன்? பதினோரு வருஷமும் மாத்தினாங்க, பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போனேன். அங்கெல்லாம் தரைன்னு ஒண்ணு இருந்துச்சு. இல்லாத ஊருக்கு எந்த பஸ் ஏறிப் போறது? அங்க போய் எப்படிக்கா இருக்கறது?"

அக்கா மேல்படியைப் பார்த்தார். கீழ்ப்படியைப் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும் பதிவேட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அவர் பக்கம் குனிந்தார்.

"இதுக்கா சார் அழறீங்க? எங்க வீட்டுக்காரருக்கு ஒம்பது வருஷமா அந்தத் தீவுலதான் வேலை. தினமும் எங்க பசங்களை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வர்றதே அவர்தான்!"