கரைமேட்டுக்குப்பம் நீர்முனை வளாகம்: ஒரு பாராட்டுரை

ஓர் ஊர் வளர்ந்துவிட்டது என்பதற்கு உலகம் ஒப்புக்கொண்ட அடையாளம் ஒன்றுதான்: எதற்காகக் கட்டினார்கள் என்று யாருக்கும் விளங்காத ஒரு கட்டடம் அங்கே இருக்க வேண்டும். பாரிஸில் இருக்கிறது. துபாயில் இருக்கிறது. இப்போது பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவு கிராமத்தைத் தாண்டியுள்ள எங்கள் கரைமேட்டுக்குப்பத்திலும் இருக்கிறது. முழுப்பெயர் 'ஒருங்கிணைந்த பாரம்பரிய நீர்முனை அனுபவ வளாகம்'. பெயரை எழுதி முடிப்பதற்காகவே முன்பக்கச் சுவரை இன்னும் கொஞ்சம் நீட்ட வேண்டியதாயிற்று.

அது நிற்கிற இடத்தில் முன்பு 'ஒன்றுமில்லை'. ஆய்வறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது. விடிகாலையில் படகுகள் அங்கே ஒதுங்கும். பெண்கள் முழங்கால் தண்ணீரில் இறங்கி, படகிலிருந்தே மீனை ஏலத்தில் எடுத்து, மணலில் கொட்டிப் பிரித்து, அன்னக்கூடையில் வைத்து விற்பார்கள். பொன்னேரியிலிருந்து வியாபாரிகள் வருவார்கள். வெயில் ஏறியதும் மீதி மீன் நாற ஆரம்பிக்கும். பெண்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஓடுவார்கள். ஆய்வுக் குழுவினர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து பார்த்தார்கள். ஒன்றுமில்லைதான்.

அப்படி ஓடுகிறவர்களில் ஒருத்தி வேலம்மா. புருஷன் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போய்விட்டான். மகள் அர்ச்சனா பொன்னேரியில் காலேஜ் படிக்கிறாள். வீட்டில் உலை வைப்பதும் மகளுக்கு ஃபீஸ் கட்டுவதும் அந்த அன்னக்கூடைதான். பல வருஷமாக வேலம்மா கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று: "கரையில நாலு கம்பம் நட்டு, மேல ஒரு தகரம் போடுங்க. வெயில்ல கெட்டுப் போவுது."

இவ்வளவு சின்னதாகக் கேட்டால் எந்த அரசாங்கம் மதிக்கும்?

வளாகம் பற்றி முடிவெடுக்க 'மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்' கோயில் முன்னால் நடந்தது. இங்கே எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்போம். அதற்குப் 'பாடு' என்று பெயர். கல்யாணமான ஆண்களுக்கு மட்டும்தான் இந்தப் பாடு முறையில் பங்கு. அவர்கள்தான் தலைக்கட்டு. ஊர்க்கூட்டத்தில் உட்காருவதும் அவர்களே. எனக்கும் ஒரு பங்கு உண்டு. வேலம்மாவுக்கு வீடு உண்டு, அடுப்பு உண்டு, மகள் உண்டு. தலை மட்டும் கிடையாது. எனவே மற்றப் பெண்களோடு அவளும் கவிழ்த்துப் போட்ட படகுக்குப் பின்னால் நின்றாள்.

சென்னையிலிருந்து வந்திருந்த ஆலோசகர் ஹரிஹரன் திரை கட்டிப் படம் காட்டினார். கண்ணாடிச் சுவர். ஏசி. வரிசையாக மீன் ஸ்டால்கள். பூநாரை பார்க்க ஒரு மாடம். பிறகு கூட்டத்தைச் சுற்றிப் பார்த்து, "பெண்கள் பங்கேற்பு கட்டாயம். விதி இருக்கு" என்றார்.

ஊர்த் தலைவர் லோகநாதன், "அவங்கள வூட்லயே கேட்டுட்டோம் சார்" என்றார்.

"என்ன சொன்னாங்க?"

"அதான் கேட்டுட்டோமே."

ஆலோசகர் திருப்தியடைந்து அடுத்த படத்துக்குப் போனார்.

அன்றைய விவாதத்தை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். படகு எங்கே ஒதுங்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. இதுபோன்ற அற்ப விஷயங்களில் நேரத்தை வீணாக்க நாங்கள் தயாராக இல்லை. வாசலில் வைக்கப்போகும் மீன்காரி சிலையின் கூடை தலையில் இருக்க வேண்டுமா, இடுப்பில் இருக்க வேண்டுமா என்பதிலேயே பொழுது உச்சிக்கு வந்துவிட்டது.

"தலையிலதான்" என்றார் லோகநாதன். "அதான் நம்ப கௌரவம்."

"தலையில வச்சா மூஞ்சில நெழல் வுழும் தலைவரே. போட்டோ நல்லா வராது" என்றார் ஊர்க் கணக்கர் கேசவன்.

"மூஞ்சி எதுக்குய்யா? கூடை தெரிஞ்சா போதாதா?"

"டூரிஸ்டு மூஞ்சியப் பாத்துதான்யா பக்கத்துல நிப்பான்."

இடுப்பு என்று பெரும்பான்மையாக முடிவாயிற்று. கை தட்டினோம். அந்த நேரம் பார்த்து வேலம்மா படகைச் சுற்றி வந்து, இடுப்பில் கூடையோடு ஆலோசகர் முன்னால் நின்றாள். "சாரே, கண்ணாடி மாடமெல்லாம் நீயே வச்சிக்க. கரையில ஒரு தகரம் போட்டுக் குடு. வெயில்ல கெட்டுப் போவுது."

"ஏய், கூட்டத்துல இன்னா நீ?" என்று லோகநாதன் எழுந்தார்.

ஆலோசகர் அவரைக் கையமர்த்தினார். நல்ல மனிதர். செல்போனை எடுத்தார். "அப்படியே நில்லுங்கம்மா. அந்தக் கோபம் ரொம்ப இயல்பா இருக்கு. கூடையைக் கொஞ்சம் சாய்ங்க."

நாலா பக்கமும் நின்று படமெடுத்தார். தன் கோரிக்கையைத்தான் பதிவு செய்கிறார் என்று நினைத்து வேலம்மாவும் நின்றாள். அறிக்கையில் அந்தப் படத்துக்குக் கீழே 'பெண்கள் பங்கேற்றனர்' என்று போட்டிருந்தார்கள்.

கட்டடம் எழுந்தது. ஏரிப் பக்கம் மதில் வந்ததால் படகுகள் அரை மைல் தள்ளி ஒதுங்கின. பெண்கள் சுடுமணலில் மீன் சுமந்து நடந்தார்கள். உடற்பயிற்சி என்பது திட்டத்தின் எதிர்பாராத பலன். ஸ்டால்களை யாருக்குக் கொடுப்பது என்று கேள்வி வந்தபோது நாங்கள் ஒரு கணமும் தடுமாறவில்லை. பாடு முறைதான். தலைக்கட்டுகளுக்குள் சீட்டுக் குலுக்கினோம். இன்று ஒருவர் உட்கார்ந்த ஸ்டாலில் நாளை இன்னொருவர். இவ்வளவு நியாயமான பங்கீட்டை நீங்கள் எந்த நாட்டிலும் பார்க்க முடியாது.

ஒரு சின்னக் குறைதான். எங்கள் குப்பத்து ஆண்களுக்கு மீன் பிடிக்கத் தெரியும், விற்கத் தெரியாது.

திறப்பு விழாவன்று முதல் ஸ்டாலில் லோகநாதன் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்தார். மீன் விற்றே பழகிய அவர் மனைவி கீதா, சீட்டில் பெயர் இல்லாததால் கேட்டுக்கு வெளியே கூடையோடு நின்றாள். சென்னைக்காரர் ஒருவர் வந்து இறாலைக் காட்டி விலை கேட்டார். லோகநாதன் மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏ கீதா, இறா கேக்கறாங்கோ. இன்னா வெல சொல்லட்டும்?"

ஸ்பீக்கரில் பதில் வந்தது. "ஆளு எப்படி கீறாரு?"

"குண்டா கீறாரு."

"அத்தக் கேக்கலய்யா. கார்ல வந்தாரா, பஸ்ல வந்தாரா?"

"நான் பஸ்லதாம்மா வந்தேன்" என்றார் சென்னைக்காரர், கார்ச் சாவியைப் பைக்குள் போட்டபடி. பிறகு நேரே கேட்டுக்குப் போய்க் கீதாவிடமே வாங்கிக்கொண்டார்.

ஸ்டாலைக் கழுவுகிற வேலையிலும் பாடு முறை சிறப்பாக இயங்கியது. நாளைக்கு அது இன்னொருத்தன் இடம். நான் ஏன் கழுவ வேண்டும் என்று ஒவ்வொருவரும் கொள்கையோடு எழுந்து போனோம். கண்ணாடிக் கட்டடம், காற்று வெளியே போக வழியில்லை. பூநாரை பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். நிர்வாகம் உடனடியாக நடவடிக்கை எடுத்து ஆணை ஒட்டியது: 'பாரம்பரிய மீனவர் வளாகத்துக்குள் மீன் கொண்டுவரத் தடை.'

இப்போது ஸ்டால்களில் பஜ்ஜியும் செல்போன் உறையும் கிடைக்கின்றன. வாடகையைத் தலைக்கட்டுகள் பிரித்துக்கொள்கிறோம்.

சிலையைப் பற்றிச் சொல்லவில்லையே. வாசலில் நிற்கிறது. இடுப்பில் கூடை, முகத்தில் அந்த 'இயல்பான' கோபம். அச்சு அசல் வேலம்மா. வருகிறவர்கள் அதன் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் நல்ல வெயில். வேலம்மா மடவை மீனைச் சுமந்துகொண்டு வந்தவள், கால் சுட்டதோ என்னவோ, சிலைப் பக்கம் ஒதுங்கிக் கூடையை இறக்கினாள். காவலாளி மணிகண்டன், திருப்பாலைவனத்துப் பையன், விசில் ஊதிக்கொண்டு வந்தான்.

"யம்மா, இங்க கூடை வெக்கக்கூடாது. எடு."

"அதோ அவ வச்சினு கீறாளே."

"அது சிலைம்மா."

"தெரியுது. என் மூஞ்சிதான் அது." அண்ணாந்து பார்த்தாள். சிலையைச் சுற்றி நாலு கம்பம். மேலே புதுத் தகரம். "அவளுக்கு மட்டும் இன்னாத்துக்குப்பா கூரை?"

மணிகண்டனுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். குரலைத் தணித்தான். "பெயின்ட் அடிச்சதும்மா. வெயில்ல கெட்டுப் போவுதுன்னு போட்டாங்க."

வேலம்மா கூடையைப் பார்த்தாள். மேலாக இருந்த மீன்களின் கண் வெளுக்க ஆரம்பித்திருந்தது.

"அத்தத்தானப்பா நானும் சொன்னேன்" என்றாள். கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலுக்குள் போனாள்.

எனவே கரைமேட்டுக்குப்பம் பெண்களின் குரலைக் கேட்பதில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. நாலு கம்பம் என்றாள், நட்டிருக்கிறோம். தகரம் என்றாள், போட்டிருக்கிறோம். சந்தேகப்படுகிறவர்கள் பொன்னேரியில் பஸ் ஏறி நேரில் வந்து பாருங்கள்: எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியை நிழலில் நிற்க வைத்திருக்கிறோம். வாய் திறக்காதவளாகப் பார்த்து.