சுவரேறிய மனு

அரசு அலுவலகங்களில் கலையுணர்வு குன்றி வருவதைக் கருத்தில் கொண்டு மேலிடம் ஓர் ஆணை பிறப்பித்தது: அலுவலகத்துக்கு ஒரு நவீன ஓவியம். கடலூரில் எங்கள் பகுதி அலுவலகத்துக்கும் ஒன்று வந்து சேர்ந்தது. அண்ணாமலை நகரில் படித்த வெண்மதி என்ற பெண் செய்த படகு. பாதி பெயின்ட். மீதி வலைத்துண்டு, கடல் மணல், கயிறு, குண்டூசி, ஃபைல் கட்டும் டேக். இதெல்லாம் என் கடை வாசலில் கிடந்தால் குப்பை. சுவரில் ஏறினால் மிக்ஸட் மீடியாவாம்.

எனக்கு அதுவா கவலை? என் மெத்தைக் கடைக்கு முன்னால் சாக்கடை அடைத்துக் கிடக்கிறது. ஐப்பசி மழை இறங்கினால் பஞ்சு அத்தனையும் கூழ். தூர் வாரச் சொல்லி மனு கொடுத்துவிட்டு நடையாய் நடந்தேன்.

"டேக் இல்ல மாமா. டேக் போட்டுக் கட்டாம மனு மேல போவாது" என்றார் எழுத்தர் கொளஞ்சி. "ஸ்டோருக்கு எழுதியிருக்கோம்."

"யோவ், அந்தப் படகுல தொங்குதே, அது என்னா, பாம்பா?"

கொளஞ்சி இப்படியும் அப்படியும் பார்த்தார். ஒன்றை உருவி என் மனுவைக் கட்டினார்.

முன்னுதாரணம் ஏற்பட்டுவிட்டால் நிர்வாகத்தை யார் தடுப்பது? குண்டூசிகள் சம்பளப் பட்டியலுக்குப் போயின. தணிக்கைக்கு ஆள் வந்த அன்று தீயணைப்பு வாளி காலி. படகிலிருந்து மணல் சுரண்டப்பட்டது. கயிறு கொடிக்கம்பம் ஏறியது. வலையில் யாரோ வெங்காயம் கட்டிப் போனார்கள்.

அப்போது பார்த்து, ஓவியத்தைப் பார்வையிடச் சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வருவதாகத் தகவல். படகு இருந்த இடத்தில் பெயின்ட் திட்டும் பசைத் தடமும்தான் மிச்சம். கொளஞ்சி கைக்குக் கிடைத்ததை எடுத்து ஒட்டினார். கிடைத்தது, டேக் கட்டியும் மேலே போகாமல் மேசையிலேயே கிடந்த என் மனு.

பெரியவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ஆகா! அந்தக் கசங்கல், அந்த டீக்கறை! குடிமகனின் காத்திருப்பு!"

"சார், என் படகு எங்க?" என்றாள் அவரோடு வந்திருந்த வெண்மதி.

"உள்ள இருக்கும்மா. உணரணும்."

அங்கேயே ஆணையும் ஆயிற்று: இதிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது, சேர்க்கலாம். கலை வளரும்.

நான் குதித்தேன். "என் மனுவைப் பிய்ச்சிக் குடுய்யா!"

"இப்ப அது மனு இல்ல மாமா, அரசுச் சொத்து. கை வச்சா கேஸு."

மழை வந்தது. சாக்கடை கடைக்குள் வந்தது. மெத்தைகளைப் பரணில் ஏற்றிவிட்டு, முதல் மனுவை இறக்கித் தரக் கோரி இன்னொரு மனு எழுதிக்கொண்டு ஓடினேன். வாசலில் வரிசை. எல்லார் கையிலும் மனு, பசை டப்பா.

"சுவர்ல ஒட்டுனாத்தான் பெரிய ஆபீசர் கண்ணுல படுதாம்" என்றார் பென்ஷன் கேட்டு வந்த பட்டம்மாள்.

ஊருக்கே பைத்தியம் என்று திட்டிக்கொண்டே நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் பேரத்தை ஆரம்பித்தேன். "கொளஞ்சி, மூலை கீலைன்னா நான் ஒத்துக்கமாட்டேன். கண்ணுக்கு நேரா, நடு எடம். முடிச்சிக் குடு."

"நடுவுல ஆள் இருக்கு மாமா."

எட்டிப் பார்த்தேன். பசை காயாமல் மின்னியது எங்கள் அதிகாரியின் பதவி உயர்வு விண்ணப்பம். அதற்குக் கீழே, சற்றுப் பணிவாக, கொளஞ்சியின் இடமாறுதல் மனு.

"அப்ப என் பழைய மனு?"

"அதுக்கெல்லாம் அடியில இருக்கு மாமா. உணரணும்."