என்னை அப்பா என்று அழைத்த விபரம்

வோபர்ன்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மகன் ராகுலனுக்கு,

நானும் மருமகளும் பேத்தி மெலிசாவும் சுகம். அல்பேர்ட்டாக் குளிரில் நீரும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். குழம்பாமலிருக்க, எழுதப்போவதை முதலிலேயே வகுத்துத் தருகிறேன்:

1. மெலிசாவுக்குத் தமிழ் படிப்பிக்க என்னால் முடியவில்லை.
2. அவள் வேறிடத்தில் படிக்கிறாள்.
3. பிள்ளை உம்மை மறந்துகொண்டு வருகிறாள், உடனே வாரும்.

நீர் உழைக்கவென்று அல்பேர்ட்டா போகும்போது என்னிடம் ஒப்படைத்த ஒரே வேலை அது. காகித மட்டைகளை அளவாக வெட்டி, எழுத்துக்கள் எழுதி, முறை பிசகாமல் அகரத்தில் தொடங்கினேன். அவள் கொட்டாவி விட்டாள். மறுநாள் மட்டைகளைக் காணவில்லை. தேடிப்போனால், கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில், சுழலும் ட்ரையருக்கு முன்னால் கதிரைகளை வரிசையாக வைத்து பஸ் ஓட்டுகிறார்கள், அவளும் பக்கத்து வீட்டு ஸகியாவின் மகள் ரிஃப்காவும்; என் மட்டைகள்தான் டிக்கட். ரிஃப்கா அண்மையில்தான் இலங்கையிலிருந்து வந்தவள், இங்கிலீஷ் தெரியாது, ஆகவே பஸ் தமிழில்தான் ஓடியாக வேண்டும். நானும் ஏறினேன், வேறென்ன செய்வது, என் கையில் 'ஆ' இருந்தது. "இது காணாது, 'ஔ' வேணும்" என்றாள் மெலிசா. எழுத்தைச் சரியாக வாசித்தாளே என்பது லிஃப்டில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

மூன்றாவதை எழுதக் கை கூசுகிறது. நேற்று பஸ்ஸின் முன் கதிரையில் இருக்கப்போனேன். "அப்பா, நீங்க பின்னுக்குப் போங்க" என்றாள். நீர்தான் வந்துவிட்டீராக்கும் என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவருமில்லை. 'அப்பாவின் அப்பா, அப்பப்பா' என்று திருத்தினேன். "நோ, அப்பா" என்றாள். உம்முடைய கோட்டைத் தெரியாமல் போட்டுக்கொண்டு வந்தவன்போல நின்றேன். மருமகளிடம் சொல்லப் பயமாயிருக்கிறது. அந்த இடம் எனக்கு வேண்டாம், மகன். விமானமேறி வாரும்.

ஆண்டவர் உம்மை நிழல்போல் காக்கட்டும்.

இப்படிக்கு, உமது தகப்பன், உமக்கு மட்டும் தகப்பன்,
யேசுரட்ணம்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். தபாலில் போடப்போகையில் ஸகியாவைச் சந்தித்து, தயங்கித் தயங்கி இதைக் கேட்டேன். சிரித்துவிட்டார். "எங்கட வீட்டுல தகப்பன் வாப்பா, அங்கிள். வாப்பாட வாப்பாவத்தான் அப்பா எண்டு கூப்பிடுற. புள்ள சரியாத்தான் சொல்லியிருக்கு."

மெலிசாவிடம் போய், முன் கதிரை சும்மா கிடக்க என்னை ஏன் பின்னுக்கு அனுப்பினாய் என்று கேட்டேன். "அது வாப்பாட சீட். வாப்பா அல்பேர்ட்டால இருந்து வருவார்" என்றாள்.

மூன்றாவதாக எழுதியது பிழை.