மெதுவோ மெதுவாய் ஓர் ஆல்பம்

2004 ஜனவரியில் என் கணவர் ஸ்டான்லி ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். நான் குழந்தையின் துணிகளை அலசிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று அறிவித்தார்.

"அன்பு, ஆல்பம் முடிஞ்சதும் மில்லு வேலைய விட்டுட்டு பெங்களூர் போறேன்."

"எத்தன நாளைக்குங்க?"

"உலகம் எங்கள ஏத்துக்கிற வரைக்கும்."

உலகம் எப்போது ஏற்றுக்கொள்ளும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கான்வென்டில் சிஸ்டர்கள் எங்களுக்கு நன்றாகக் கற்றுத்தந்தது நல்ல கையெழுத்தும், வாயை மூடிக்கொண்டு தலையாட்டுவதும்தான். தலையாட்டினேன்.

ஆனால் எனக்குப் பயம். எங்கள் மகன் கைக்குழந்தை. அவன் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன். வரும். பிறகு என் விரலை நம்பாமல் இவரை எழுப்பி, இவர் விரலை வைக்கச் சொல்வேன். கண்ணைத் திறக்காமலே வைத்து, "இருக்கான்" என்பார். அந்த ஒரு வார்த்தை கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். பெங்களூரிலிருந்து விரலை எப்படி நீட்டுவார்?

இவரும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து வாசிப்பதற்கு டூம் மெட்டல் என்று பெயர்; துக்கமும் இருட்டுமான வெளிநாட்டு ராக் இசை. வேடசந்தூர் மில்லில் எலெக்ட்ரீஷியனான இவர் கிட்டார். கூட வேலை பார்க்கும் ராயப்பராஜ் டிரம்ஸ். நெட் சென்டர் வைத்திருக்கும் விக்னேஷ்குமார் பாட்டு. பாட்டென்றால், கிணற்றில் விழுந்த எருமை உதவி கேட்கிற மாதிரி. எல்லாமே மெதுவாக. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் பாலைக் காய்ச்சி இறக்கிவிடலாம். ஆல்பத்தின் பெயர் 'சாம்பல்'. பதிவெல்லாம் எங்கள் பின்னறையில். சத்தம் வெளியே போகக்கூடாதென்று, வீட்டிலிருந்த ஒரே மெத்தையைக் கதவில் ஆணியடித்து மாட்டினார்கள்.

"ஏங்க, நாம எதுல படுக்கிறது?"

"கலைக்காக செத்த நேரம் தரையில படு அன்பு."

செத்த நேரம் ஒரு மாதம் ஓடியது.

ஆனால் ஒன்று. மத்தியானத்தில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் உட்காருவேன். அந்த இரைச்சல் மெத்தையைத் தாண்டி வரும்போது பஞ்சு ஒட்டிக்கொண்டு மெத்தென்று வரும். கண் சொருகும். கனவில் தாடிக்கொம்புப் பக்கத்துத் தென்னைமரங்கள் வேரோடு எழுந்து குடகனாற்று மணலில் நடந்துபோகும். ஒரு கால் வைக்கும். நிற்கும். மட்டைகள் அசையும். இன்னொரு கால். ஒருநாள் அந்தத் தென்னைக் கூட்டத்துக்கு முன்னால் செபாஸ்தியம்மாள் அக்கா சிலுவையைத் தூக்கிக்கொண்டு போனார். திடுக்கென்று முழித்துக்கொண்டேன்.

செபாஸ்தியம்மாள் அக்கா எங்கள் பங்குக்கோயில் மாதாசபைத் தலைவி. ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிக்கிழமைகளில், இயேசுவின் பாடுகளை நினைத்துப் பதினான்கு ஸ்தலங்களில் நின்று ஜெபித்தபடி, எங்கள் தெருக்கள் வழியே சிலுவைப்பாதை போகும். ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுவார்கள். அக்காவுக்கு வருஷாவருஷம் ஒரே வருத்தம். சனம் அடுத்த ஸ்தலத்துக்குப் போய்ச் சேருமுன்னே பாட்டு முடிந்துவிடும். மிச்ச வழியெல்லாம் சனம் புளி விலை பேசும்.

'சாம்பல்' சிடியாகி வந்த மறுநாளே ஒன்றை எடுத்துப்போய் அக்காவிடம் கொடுத்தேன்.

"துக்கப் பாட்டுக்கா. கொஞ்சம் நீளமா இருக்கும்."

வெள்ளிக்கிழமை மில் பஸ்ஸிலிருந்து இறங்கிய என் கணவர் அப்படியே நின்றுவிட்டார். தெரு முழுக்க அவருடைய கிட்டார். சனம் ஓர் அடி வைத்தது. நின்றது. அடுத்த அடி வைத்தது. புளியைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. விக்னேஷ்குமார் உறுமத் தொடங்கியதும் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முழந்தாளிட்டார்கள்.

"உத்தரிக்கிற ஸ்தலத்துல பாவம் தீர வேகுற ஆத்துமா கதறுறது அப்படியே இருக்கு" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "யாரு பெத்த புள்ளையோ."

"பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நெட் சென்டர் வச்சிருக்காருக்கா."

இவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு என்னிடம் வந்தார்.

"அன்பு, இதுல நம்பிக்கைக்கே எடம் கெடையாது. முழுக்க மரணம், இருட்டு."

"சிலுவைப்பாதைக்கு அதானங்க வேணும்? ஆகாதுன்னா போய் நிறுத்தச் சொல்லுங்க."

முழந்தாளிட்ட தெருவைப் பார்த்தார். அதுவரை அவர் இசையை முழுசாகக் கேட்டவர்கள் நானும் குழந்தையும்தான்.

"முடியட்டும்" என்றார்.

முடிந்ததும் சிடி உறையிலிருந்த பெயர்களைப் பார்த்துவிட்டு ஃபாதர் மைக்கைப் பிடித்தார். அடுத்த வெள்ளியிலிருந்து இந்தத் தம்பிகளே நேரில் வாசிப்பார்கள். பெரிய வெள்ளிக்கும் இவர்களே. நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கும் இவர்களே. சனம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. இவர் கைகுவித்தார். வேறென்ன செய்வார்?

வீட்டுக்கு வந்து மெதுவாகக் கேட்டேன்.

"பெங்களூர்?"

"கல்லறைத் திருநாள் முடியட்டும்."

"அது முடிஞ்சா கிறிஸ்மஸ் வந்துரும். அப்புறம் மறுபடி தவக்காலம்."

சட்டையைக் கழற்றப் போனவர் திரும்பினார். "அக்காகிட்ட சிடிய குடுத்தது நீதான?"

"நம்ம ஆல்பத்த நாலு பேரு கேக்க வேணாமாங்க?"

அடுத்த வெள்ளிக்கிழமை டெம்போவில் ஜெனரேட்டரோடு ஏறினார்கள். இவர் கண்ணை மூடி, இந்தப் பூமியில் யாரும் வாசித்திராத மெதுவில் வாசித்தார். கடைசி ஸ்தலம் முடிந்ததும் வியர்வை சொட்ட இறங்கி, நேராக அக்கா முன்னால் போய் நின்றார்.

"எப்படிக்கா இருந்துச்சு?"

அக்கா முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"எல்லாம் சரிதான் அப்பு. ஆனா இம்புட்டு வேகம் ஆகாது. வயசானவுக நடக்க முடியல."