தேக்கு மரத் தனியறை

நோர்வூட் பஜாரில் முத்துலிங்கம் மலர்ச்சாலையைத் தெரியாதவர்கள் இல்லை. மலர்ச்சாலை என்றால் பூக்கடை அல்ல. செத்தவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, பெட்டியில் வைத்து அனுப்பும் இடத்துக்கு நம் இலங்கையில் அப்படியொரு மரியாதையான பெயர்.

மலர்ச்சாலைக்கு ஓர் இணையத்தளமும் இருந்தது. கறுப்புப் பின்னணி, நடுவில் ஒரு பெட்டி, அதற்குக் கீழே தொலைபேசி இலக்கம். தேயிலைத் தோட்டத்தில் யாராவது கண்ணை மூடினால் பிள்ளைகள் அந்த இலக்கத்தைப் பார்த்துப் பேசுவார்கள். முத்துலிங்கம் வாகனத்தோடு போய் நிற்பார். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் ஒரு குறையும் இருக்கவில்லை. ஆகவே அதைத் திருத்தியமைக்க வேண்டியதாயிற்று.

தொடக்கிவைத்தவர் முத்துலிங்கத்தின் மனைவி வினோதாவின் அண்ணன். கனடாவிலிருந்து போன் எடுத்து, "என்ன மச்சான், ஒங்க வெப்சைட்டு ஒரே எழவு வீடு மாதிரி இருக்கு?" என்று கேட்டுவிட்டார். முத்துலிங்கத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரமே கொழும்பிலிருந்து நிரஞ்சன் வந்து இறங்கினார். இணையத்தள மீள்வடிவமைப்பு ஆலோசகர். மேசை இல்லாததால் மடிக்கணினியை ஒரு பெட்டியின் மூடிமேல் விரித்துவைத்துத் திட்டமிடல் கூட்டத்தை ஆரம்பித்தார்.

"அண்ணே, எந்த வயசுக்காரங்கள இலக்கு வைக்கிறீங்க?"

"நாங்க யாரையும் இலக்கு வைக்கிறதில்ல தம்பி. அவங்களா வருவாங்க" என்றார் முத்துலிங்கம்.

"சரி. ஒங்க கஸ்டமரோட பயணம் எங்க தொடங்குது?"

"தோட்டத்துல."

"எங்க முடியுது?"

"மயானத்துல."

நிரஞ்சன் தலையை ஆட்டினார். "அதான் பிழை. பயணம் முடியக் கூடாது. ஒரு தடவ வந்த கஸ்டமர் திரும்பத் திரும்ப வரணும்."

"ஒருத்தர் திரும்பி வந்தாலும் நாங்க கடையப் பூட்டிட்டு ஓட வேண்டியதுதான்" என்றார் வினோதா.

நிரஞ்சன் சிரிக்கவில்லை. எதிர்மறைச் சொற்களை அடியோடு நீக்குவதென்று முடிவாயிற்று. சாவு, பிரேதம், மயானம் எல்லாம் போயின. பிரேத வாகனம், 'வாசலுக்கே வந்து அழைத்துச் செல்லும் வசதி' ஆனது. பெட்டி, 'தேக்கு மரத் தனியறை' ஆனது. பின்ஜன்னல் வழியாகத் தெரிந்த தேயிலை மலையையும் பனிமூட்டத்தையும் படமெடுத்து முகப்பில் போட்டார். தொலைபேசி இலக்கம் பழைய பாணியாம். அதை எடுத்துவிட்டு 'இப்போதே முன்பதிவு செய்யுங்கள்' என்று ஒரு பொத்தானை வைத்தார். இலக்கம் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் போய்ச் சேரும். கடைசியாக அவரே யோசித்து ஒரு வரி எழுதினார்: 'இதுவரை எங்களிடம் தங்கிய ஒருவர்கூட முறைப்பாடு செய்ததில்லை.'

வினோதா அந்த வரியை இரண்டு தடவை வாசித்துப் பார்த்தார். அதில் பொய் எதுவும் இல்லை.

தளம் வெளியான வாரத்திலேயே கொழும்பிலிருந்து ஓர் இளைஞன் பதிவு செய்துவிட்டுப் பேசினான். "ரெண்டு பேருக்கு வேணும் சார்."

முத்துலிங்கம் பதறிப்போனார். "ரெண்டு பேருமா? எப்ப நடந்துச்சு?"

"போன ஞாயித்துக்கெழம."

"கடவுளே. திடீர்னா?"

"இல்ல சார், பெத்தவங்க பேசி முடிவெடுத்ததுதான்."

முத்துலிங்கம் பேனாவை எடுத்தார். "ஒண்ணா வைக்கணுமா? தனித்தனியாவா?"

"ஒண்ணாத்தான் சார்" என்றான் இளைஞன் வெட்கத்தோடு.

சனிக்கிழமை மழையில் நனைந்தபடி புதுமணத் தம்பதி வந்து நின்றார்கள். கடைசி பஸ் போய்விட்டது. வேறு வழியில்லாமல் வினோதா அவர்களை முன்பக்கம் கொண்டுபோகாமல், பின்படி வழியாக ஏற்றி மாடி அறையைக் கொடுத்தார். அவர்கள் ஊருக்குப் போய் ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். 'மிக அமைதியான இடம். கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் சத்தமே போடுவதில்லை' என்று எழுதினார்கள். அதைப் பார்த்து இன்னும் மூன்று ஜோடிகள் வந்தன.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் தோட்டத்தில் வீரய்யா இறந்துபோனார். அவருடைய மகள் பூரணி, நனைந்த சேலையோடு மலர்ச்சாலைக்குள் நுழைந்தாள்.

"என்னண்ணே இது? காலையிலயிருந்து ஒங்க நம்பரத் தேடுறேன், காணோம். அந்தப் பொத்தான அமுக்குனா, பெரியவங்க எத்தன பேரு, சின்னவங்க எத்தன பேருன்னு கேக்குது. பெரியவர் ஒருத்தர்னு போட்டேன். எப்ப கெளம்புவாருன்னு கேக்குது! நான் என்னத்தப் போடுறது?"

பூரணி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முத்துலிங்கம் வாகனச் சாவியை எடுத்தார்.

"ஒருத்தரும் எதையும் தொடக் கூடாது" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது. விருந்தோம்பல் ஒழுங்குறுத்தல் உப அலுவலகத்தின் உத்தியோகத்தர் பிரதாப் குடையை மடக்கியபடி உள்ளே வந்தார். "இது தங்கும் விடுதின்னு எங்களுக்கு இணையத்தள ஆதாரம் கெடச்சிருக்கு. விடுதியில சவப்பெட்டி வைக்க அனுமதி இல்ல. எல்லாத்துக்கும் சீல் வைக்கணும்."

"ஐயா, இது மலர்ச்சாலைங்க. நீங்களே கண்ணால பாக்குறீங்க" என்றார் முத்துலிங்கம்.

"நான் பாக்குறது ஆதாரமாகாது."

"எங்கப்பா லயத்து வீட்டுல கெடக்குறாருங்க. பொழுது சாயிறதுக்குள்ள தூக்கணும்" என்றாள் பூரணி.

பிரதாப்பின் முகம் இளகியது. ஆனால் சட்டம் இளகவில்லை. அப்போது வினோதா தன் போனில் அந்தத் தளத்தைத் திறந்து அவரிடம் நீட்டினார். "நீங்களே வாசிங்க ஐயா. இந்தப் பெட்டிக்கு இதுல என்ன பேரு?"

பிரதாப் போனை வாசித்தார். பெட்டியைப் பார்த்தார். "தேக்கு மரத் தனியறை. ஆமா, இதேதான்." அவருக்கே பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது. "அப்ப இது பெட்டி இல்ல. தாராளமா குடுக்கலாம். ஆனா ஒண்ணு, விருந்தினர் அறையவிட்டு வெளிய போகலாம். அறையே வெளிய போகலாமா?"

"விருந்தாளி வெளிய வரவே மாட்டாருங்க" என்றார் வினோதா.

பிரதாப் கையோடு கொண்டுவந்த ஒழுங்குவிதிகளைப் புரட்டினார். விருந்தினர் அறைக்குள் இருக்கும்போது அந்த அறை வேறிடம் செல்வதை எந்த விதியும் தடுக்கவில்லை. அனுமதி வழங்கப்பட்டது. வீரய்யாவின் அடையாள அட்டையை வாங்கி அவரை விருந்தினராகப் பதிந்தார். 'வருகையின் நோக்கம்' என்ற இடத்தில் 'ஓய்வு' என்று எழுதினார்.

பூரணி அதை எட்டிப் பார்த்தாள். "எங்கப்பா இருந்த காலத்துல ஓய்வுன்னு எங்கயும் போனதில்லீங்க" என்றாள்.

பொழுது சாய்வதற்குள் வீரய்யாவை அடக்கம் செய்துவிட்டார்கள்.

மறுநாள் முத்துலிங்கம் நிரஞ்சனைக் கூப்பிட்டு, பெட்டியையும் இலக்கத்தையும் பழையபடி முகப்பில் போடச் சொன்னார். "அண்ணே, எண்ணிக்க ஏறிக்கிட்டிருக்கிற நேரத்துல கை வைக்கக் கூடாது" என்றார் நிரஞ்சன். முத்துலிங்கமும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. பிரதாப்பின் அலுவலகம் அவருக்கு இரண்டு நட்சத்திரம் பொறித்த பலகையொன்று அனுப்பியிருந்தது. பஜாரில் வேறு எவருக்கும் அது கிடைக்கவில்லை. பிறகு வந்த மரணங்கள் எல்லாம் பூரணி வந்த வழியிலேயே, விருந்தினர் பதிவாகவே வந்தன. ஊரும் பழகிவிட்டது. பிள்ளைகள் அழுதுகொண்டே பெரியவர் ஒருவர் என்று அமுக்கினார்கள்.

அந்த வருஷம் தோட்டங்களில் ஒரு காய்ச்சல் பரவியது. மருந்து வந்து சேர்வதற்குள் நிறையப் பேர் போய்விட்டார்கள்.

வருஷ முடிவில் அந்த அலுவலகம் நடத்திய பாராட்டு விழா. மண்டபத்தை நிரப்புவதற்காகக் தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கு, கொழுந்து பறிக்கும் எங்கள் எல்லோரையும் மலையிலிருந்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். கைதட்டினால் அரைநாள் சம்பளத்துக்குப் பேர் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். பூரணியும் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

பிரதாப் மேடையேறினார். மலைநாட்டிலேயே இவ்வருடம் அதிகமான விருந்தினர் வந்து தங்கியது எங்கள் பகுதியில்தான் என்று அறிவித்தார். முத்துலிங்கத்துக்கு மாலை போட்டார். பிறகு ஒலிவாங்கியை இழுத்துவைத்துக்கொண்டு, "அடுத்த வருஷம் இந்த எண்ணிக்கைய ரெண்டு மடங்காக்குவோம்! அதுக்கு இங்க கூடியிருக்கிற ஒவ்வொருத்தரும் ஒத்துழைப்புக் குடுக்கணும்" என்று கேட்டுக்கொண்டார்.

நாங்கள் எல்லோரும் பலமாகக் கைதட்டினோம்.