ராசா சட்டையும் ஒரு மூட்டைக் கௌபியும்

"மூச்சைப் பிடி, டொமினிக்."

"பிடிச்சுக்கொண்டுதான் நிக்கிறன், அண்ணாவியார்."

"இன்னும் கொஞ்சம் பிடி."

"இனியும் பிடிச்சால் சுவாமியாரைத்தான் கூப்பிட வேண்டி வரும்!"

கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் சந்தியோகு கையை எடுத்தார். கத்தரிப்பூ நிற வெல்வெட் சட்டை டொமினிக்கின் வயிற்றுக்கு இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றது. நடுவில் இரண்டு விரற்கடை வெளி. தெறி ஒரு கரையிலும் தெறி பூட்டுகிற ஓட்டை மறு கரையிலும் கிடந்தன.

பங்குத் திருநாளுக்கு இன்னும் நாலு ஞாயிறுதான் இருந்தது. திருநாள் என்றால் கூத்து இருக்கும். கூத்தில் அர்ச்சியசிஷ்டரான புனிதரைப் பிடித்துச் சிறையில் போட ஒரு பொல்லாத ராசா வேண்டும். அந்த ராசா பதினெட்டு வருஷமாக டொமினிக்தான்.

மற்ற நாட்களில் அவர் வெறும் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். அரிசிக்கும் மாவுக்கும் நாடே தட்டுப்பாடாய்க் கிடந்த காலம் அது. கூப்பன் புத்தகத்தோடு வருகிற சனம் வாசலிலேயே அவரை ஏசத் தொடங்கிவிடும். "வரேல்லை", "முடிஞ்சுது", "நாளைக்கு வாங்கோ" என்ற மூன்று வசனத்தை வைத்துக்கொண்டே மனிசன் வருஷத்தை ஓட்டினார். ஆனால் திருநாளன்று களரி மேடையில் ஏறி, மீசையை முறுக்கி, "ஆரடா அங்கே!" என்று ஒரு சத்தம் போட்டால் முன்னுக்கு இருக்கிற பிள்ளைகள் வீரிட்டு அழும். அந்த அழுகையைக் கேட்பதற்காகத்தான் டொமினிக் மிச்ச நாளெல்லாம் ஏச்சு வாங்கிக்கொண்டு இருந்தார்.

"புதுச் சட்டை ஒண்டு தைப்பிப்பம், அண்ணாவியார்."

"வெல்வெட்டுக்கு எங்கை போறது? வேட்டித் துணிக்கே வரிசையிலை நிக்கிறம்." அண்ணாவியார் டொமினிக்கைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துப் பேசினார். "இருக்கிறது இந்தச் சட்டைதான். திருநாளுக்கு முதல் ஞாயிறு போட்டுப் பாப்பம். பொருந்தேல்லையெண்டால் வேறை ஆளைத்தான் விடவேணும்."

"வேறை ஆளோ? பதினெட்டு வருஷத்துக்குப் பிறகோ?"

"நான் என்ன செய்ய? சட்டைதானே சொல்லுது."

அடுத்த நாள் காலையில் கடையைத் திறந்ததும் டொமினிக் செய்த முதல் வேலை, மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி நின்றதுதான். ஒரு அந்தரும் அறுபது இறாத்தலும் காட்டியது. போன திருநாளுக்கும் இதே நிறைதான் என்று அவருக்கு நல்ல ஞாபகம். அப்படியென்றால் தராசு துருப்பிடித்துப் பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டினார்.

"என்ன மனேச்சர், மூட்டையை இறக்கிப்போட்டு நீங்கள் ஏறி நிக்கிறியள்?"

சவர்க்காரம் வாங்க வந்த செலீனா மிஸி வாசலில் நின்று சிரித்தாள். ஊரிலுள்ள குழந்தைகள் பாதிப்பேர் அந்த மருத்துவிச்சியின் கையில் பிறந்தவர்கள். அவளிடம் ஒளிக்க ஏலாது.

"மிஸி, நாலு கிழமையிலை வயிறு குறைய ஏதாவது மருந்து சொல்லுங்கோ."

"மருந்து உங்கட கடைக்குள்ளைதான் கிடக்குது." செலீனா மூலையைக் காட்டினாள். அங்கே ஒரு மூட்டைக் கௌபிப் பயறு இரண்டு மாதமாகத் தீண்டுவாரில்லாமல் இருந்தது. விடிந்தால் மீன், பொழுதுபட்டால் மீன் என்றிருக்கிற ஊரில் கௌபியை யார் வாங்குவார்கள்?

"இதையோ? இது மாட்டுக்குப் போடுறதெல்லோ?"

"வாயைக் கழுவுங்கோ! மீனிலை இருக்கிற புரதம் இதிலையும் இருக்குது. நார்ச்சத்து இருக்கிறபடியால் கொஞ்சம் திண்டாலும் வயிறு நிறைஞ்சிருக்கும், அடிக்கடி பசிக்காது. இரத்தத்துக்கு நல்லது, சீனி வருத்தக்காரருக்கும் நல்லது. சோத்தைப் பாதியாக் குறைச்சுப்போட்டு அந்தப் பாதிக்கு இதை அவிச்சுச் சாப்பிடுங்கோ. ராத்திரியே ஊறப்போட வேணும், சரியோ?"

டொமினிக் இரண்டு கொத்துக் கௌபியோடு வீட்டுக்குப் பறந்தார். "ராத்திரி ஊறப்போடு" என்பதற்கு மேல் செலீனா சொன்ன எதையும் அவர் நின்று கேட்கவில்லை. அவசரக்காரருக்கு அவ்வளவுதான் காதில் ஏறும்.

அடுத்த நாள் மனைவி மார்த்தா விடியவே அடுப்பில் வைத்தாள். மத்தியானம் வரை அது கொதித்தது. டொமினிக் ஒன்றை எடுத்துக் கடித்தார். கடைவாய்ப் பல் கூசியது.

"இது கௌபியோ, வலையிலை கட்டிற ஈயக் குண்டோ?"

"நான் என்ன செய்ய? ஒரு கட்டு விறகு முடிஞ்சுது. அது அசையிறதாயில்லை."

"அப்பச்சோடா போடு!"

மார்த்தா ஒரு கரண்டி போட்டாள். அவள் முற்றத்துக்குப் போன நேரம் பார்த்து டொமினிக் இன்னும் இரண்டு கரண்டி போட்டார். கௌபி களியாகிச் சவர்க்கார மணம் மணத்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு முழுவதையும் சாப்பிட்டு முடித்தார்.

பிறகு நடந்ததை நாகரிகமாகச் சொல்லப் பார்க்கிறேன். அன்று பின்னேரம் சங்கக்கடையில் கூப்பன் வரிசை வழமையை விடக் கெதியாகக் கலைந்தது. இரண்டு பேர் சீனியை வாங்காமலே போய்விட்டார்கள். புதன்கிழமை செபமாலைக்குப் போன இடத்தில் அவர் இருந்த வாங்குக்கு முன்னும் பின்னும் இருக்கிற வாங்குகள் ஆளில்லாமல் வெறுமையாகின. மார்த்தா பெண்கள் பக்கத்தில் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"மிஸி, நீங்கள் என்னைச் சந்தி சிரிக்கப் பண்ணிப்போட்டியள்!" என்று டொமினிக் அடுத்த நாள் செலீனாவின் வாசலில் போய் நின்றார்.

"ஊறின தண்ணியை ஊத்தினனீங்களோ?"

"சத்துப் போயிடுமெண்டு அதிலைதான் அவிச்சனாங்கள்."

"அட கடவுளே! வாய்வு முழுக்க அந்தத் தண்ணியிலைதானே இருக்குது! எந்தக் கிணத்துத் தண்ணியிலை அவிச்சியள்?"

"எங்கட கிணறுதான்."

"தீவுத் தண்ணி உப்புச் சவர், மனேச்சர், அதிலை ஒரு பயறும் அவியாது. பெருநிலத்துத் தண்ணி எடுப்பியுங்கோ. ஊறின தண்ணியை ஊத்திப்போட்டு, கழுவி, புதுத் தண்ணியிலை இஞ்சியும் உள்ளியும் தட்டிப் போட்டு அவியுங்கோ. உப்பைக் கடைசியிலை போடுங்கோ, முதலே போட்டால் தோல் இறுகிடும். சோடாவைத் தொடவும் வேண்டாம்."

இந்த முறை டொமினிக் சிகரெட் பெட்டி மட்டையில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பெருநிலத்து நறுவிலிக்குளத்திலிருந்து லொறியில் நெல் கொண்டுவருகிற கதிர்காமுவிடம் ஒரு கான் கிணற்றுத் தண்ணீர் கேட்டார். "நெல்லு வேண்டாமோ, தண்ணியோ வேணும்?" என்று கதிர்காமு அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஆனாலும் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தத் தண்ணீரில் கௌபி பூப்போல அவிந்தது. மார்த்தா சின்ன வெங்காயமும் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்து, கடைசியில் ஒரு கை தேங்காய்ப்பூப் போட்டு இறக்கினாள். டொமினிக் சட்டியை வழித்துத் துடைத்தார். வயிறு அமைதியாக இருந்தது. சனிக்கிழமை தராசில் ஏறினால் நாலு இறாத்தல் குறைந்திருந்தது. இப்போது தராசு திருந்திவிட்டது என்று அவருக்குப் பட்டது.

ஞாயிறு பூசை முடிந்ததும் முடியாததுமாக அண்ணாவியார் வீட்டுக்கு ஓடினார். சட்டையைப் போட்டார்.

நாலு விரற்கடை வெளி!

"என்ன அநியாயம் இது! நான் நாலு இறாத்தல் குறைஞ்சிருக்கிறன், அண்ணாவியார்!"

"வாய்வு நிண்டு ஊதுதாக்கும்." அண்ணாவியார் மறுபடியும் கூரையைப் பார்த்தார். "வயசும் போகுதெல்லோ? உடம்பை அலட்டாதை."

மூலையில் மத்தளம் துடைத்துக்கொண்டிருந்த எட்வேட்தான் அவருக்காகப் பேசினான். எட்வேட் அண்ணாவியாருடைய மருமகன். கலியாணம் முடிந்து ஆறு மாதம், கூத்துக்கு மத்தளம் அடிக்கிறவன்.

"மனேச்சர் அண்ணை மெலிஞ்சுதான் போனார், மாமா. கன்னத்தைப் பாருங்கோ."

டொமினிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரில் உண்மை பேச ஒருவனாவது இருக்கிறானே! அந்த நன்றியோடு எட்வேட்டைப் பார்த்தார். மாமி வீட்டுச் சமையலில் அவனுக்கும் தொப்பை விழுந்திருந்தது.

"தம்பி, இந்த வயசிலை இப்பிடி வைக்கக்கூடாது. பிறகு என்னைப் போலத் தவிப்பாய். நாளையிலையிருந்து உனக்கும் சேர்த்து அவிச்சு அனுப்பிறன்."

"உங்களுக்கு ஏன் அண்ணை கரைச்சல்?"

"ஒரு கரைச்சலும் இல்லை. நீ எனக்குத் தம்பி மாதிரி."

அண்ணாவியாருக்குத் திடீரென்று இருமல் வந்தது. எட்வேட்தான் ஓடிப்போய்த் தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தான்.

அன்றிலிருந்து மார்த்தா இரண்டு சட்டி வைத்தாள். "ஊருக்கெல்லாம் அவிச்சுக் கொட்ட நான் என்ன மடத்துச் சமையல்காரியோ?" என்று முணுமுணுத்தாலும், தூக்குச்சட்டி ஒருநாளும் வெறுமையாகப் போகவில்லை. ஒரு நாள் சுண்டல், ஒரு நாள் பாற்கறி, ஒரு நாள் பனங்கட்டி போட்டு இனிப்பு. டொமினிக் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்து, எட்வேட் கடைசிப் பயறு வரைக்கும் சாப்பிடுகிறானா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் வருவார்.

மூன்றாம் ஞாயிறு வந்தது. டொமினிக் ஒன்பது இறாத்தல் குறைந்திருந்தார். சாரம் இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டியிருந்தார். கலியாண மோதிரம் கை கழுவும்போது இரண்டு தரம் கழன்று விழுந்தது. சட்டையைப் போட்டார். ஆறு விரற்கடை! கை மேலே எழும்பவில்லை. கை எழும்பாத ராசா எப்படி வாளை உருவுவது?

அதே நேரம் எட்வேட்டைப் பார்த்தால், தொப்பை இருந்த இடம் தெரியவில்லை. பொடியன் கம்பு மாதிரி நின்றான்.

"அண்ணை, உங்கட கௌபி நல்ல சாமான்!" என்றான்.

"அவனுக்குக் குறையுது, எனக்குக் கூடுது. இது செய்வினைதான்" என்று டொமினிக் வீட்டுக்கு வந்து கதிரையில் விழுந்தார்.

மார்த்தா அவரைச் சுற்றி வந்து பார்த்தாள். "இஞ்சருங்கோ, எலும்பு தெரியுது. இனிக் குறைக்க உங்களிட்டை என்ன இருக்குது? விட்டுத் தொலையுங்கோவன் அந்த ராசாவை."

"ராசாவும் இல்லாட்டி நான் ஆரடி? வரேல்லை, முடிஞ்சுது, நாளைக்கு வாங்கோ. அவ்வளவுதானே நான்?" மார்த்தா மடு மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அடுத்த ஞாயிறுதான் கடைசி ஞாயிறு. டொமினிக் சோற்றை அடியோடு விட்டார். மூன்று நேரமும் கௌபி தின்றார். கடையில் இருக்கமுடியாமல் வாசலுக்கும் தராசுக்கும் நடந்தார். ஒரு மணித்தியாலத்துக்கு ஒருதரம் வயிற்றை விரலால் அளந்தார். புதன்கிழமை அவருக்கு ஒரு யோசனை வந்தது. உடம்பு சட்டைக்கு இறங்கி வராவிட்டால், சட்டையை உடம்புக்குப் பெருப்பித்தால் என்ன? தையலுக்குள்ளே துணி விட்டுத்தானே தைத்திருப்பார்கள்!

வியாழக்கிழமை அண்ணாவியார் கூத்துக்கு அனுமதிக் கடிதம் எடுக்க அரசாங்கக் கச்சேரிக்குப் போனார். அந்த நேரம் பார்த்து டொமினிக் அவர் வீட்டுக்குப் போய், "சட்டையிலை பூஞ்சணம் மணக்குது அக்கா, வெயிலிலை காயவிட்டுத் தாறன்" என்று அண்ணாவியாரின் மனைவியிடம் கேட்டார். அவள் தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தாள். அதைக் கடதாசியில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, எதிர்க்காற்றில் மூச்சு வாங்க மிதித்து, பட்டினத்துத் தையற்காரர் சனூன் நானாவின் கடையில் போய் இறங்கினார்.

"நானா, ஆறு விரற்கடை பெருப்பிச்சுத் தாங்கோ. அண்ணாவியாருக்கு மூச்சும் விடக்கூடாது. என்ர மானம் உங்கட கையிலைதான் இருக்குது."

சனூன் நானா கடதாசியைப் பிரித்தார். சட்டையைக் கண்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சட்டையை உட்புறம் திருப்பி, புத்தம்புதிய தையல் மூன்று வரிசையாக ஓடுவதை விரலால் தடவிக் காட்டினார். பிறகு டொமினிக்கின் எலும்பும் தோலுமான உடம்பை மேலும் கீழும் பார்த்தார்.

"ராசா வேஷமும் தாறமெண்டு சீதனத்திலை பேசித்தானே எட்வேட்டை மருமோனா எடுத்தவங்க, அந்தப் பொடியன்ட அளவுக்குத்தான் அண்ணாவியார் மூணு தரம் என்னட்ட இதை ஒடுக்குவிச்சிட்டுப் போனார், மனேச்சர், நீங்க அவனுக்குக் கௌபி அவிச்சுக் குடுக்காம இருந்திருந்தா நான் ரெண்டு தரத்தோட முடிச்சிருப்பேனே!"